ஞாயிறு விடிகாலை 5 மணிக்கு ஒரு குத்து!

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடிப் போனேன் இல்லையா... அதை வார்டன் மேடமும் படித்தார்களாம். அதனால் இந்த வாரம் சோறு, குழம்பு பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது, டிவி பற்றி எழுதிவிட்டு நல்ல பிள்ளையாக இருப்போம் என்று முடிவு பண்ணினேன். ஆனால் பாருங்கள், அங்கேயும் சோறுதான் வந்து நிற்கிறது!

விஷயம் இதுதான். என் ரூம்மேட் ஒரு அனிமே பைத்தியம். செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி, 'டென்ஷனா இருக்கா? இதைப் பாருடி' என்று போனை நீட்டினாள். பிங்க் கலர் ஃப்ராக் போட்ட ஒரு சின்னப் பெண். எதிரே வீடு உயரத்துக்கு ஒரு பூதம். இவள் கையை முறுக்கி, '500 கிலோ கலோரி பஞ்ச்!' என்று கத்திக்கொண்டே ஒரு குத்து விடுகிறாள். பூதம் பறந்து போய் விழுகிறது. இவளுக்கு பவர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சோத்திலிருந்து! நிஜமாத்தான் பாஸ். அந்தப் பெண்ணின் சக்தியே அரிசிச் சோறுதான். அவளோடு சுற்றுகிற குட்டித் தேவதை பெயர் கொமே கொமே. ஜப்பான் மொழியில் 'கொமே' என்றால் அரிசி.

நான் மெக்கானிக்கல் ஆச்சே, சும்மா இருக்க முடியுமா? கால்குலேட்டரை எடுத்தேன். 500 கிலோ கலோரி என்றால் சுமார் 20 லட்சத்து 92 ஆயிரம் ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல் வந்து மோதினால் எவ்வளவு சக்தியோ அவ்வளவு! அதே 500 கிலோ கலோரி நம்ம வீட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட 400 கிராம் சோறு. எங்க அப்பா களத்துமேட்டிலிருந்து வந்து உட்கார்ந்தால் முதல் ரவுண்டிலேயே அதைத் தாண்டிவிடுவார். நெல்லு விளையிற ஊரில் பிறந்துவிட்டு, இந்தப் பொண்ணை எப்படி விட முடியும் சொல்லுங்கள்? மறுநாள் பரீட்சை என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த சீரியலின் பெயர் 'ப்ரீக்யூர்'. ப்ரிட்டி, க்யூர் என்ற இரண்டு வார்த்தையையும் ஒட்டி வைத்த பெயர். மந்திர சக்தி கிடைத்த பெண் பிள்ளைகள் உருமாறி உலகத்தைக் காப்பாற்றுகிற கதை. ஜப்பானில் இந்த வகைக்கு வயசு அதிகம். 1966-லேயே டோய் அனிமேஷன் கம்பெனி 'மஹோட்சுகாய் சாலி' என்று ஒரு குட்டி சூனியக்காரியைக் கொண்டுவந்தது. அதற்கே தூண்டுதல் 'பிவிட்ச்ட்' என்கிற அமெரிக்க டிவி தொடர். 1992-லிருந்து 1997 வரை 200 எபிசோடு ஓடிய 'செய்லர் மூன்' உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ப்ரீக்யூர் இதே வம்சம்தான். 2004 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆரம்பித்தார்கள். 2025-ல் வந்த 'கிமி டு ஐடல் ப்ரீக்யூர்' வரைக்கும் எண்ணினால் 22 தொடர்கள். அத்தனையும் அதே ஞாயிறு, அதே எட்டரை!

ஜப்பானில் காலை எட்டரை என்றால் நமக்கு விடிகாலை 5 மணி. இதைக் கணக்குப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. திருவையாறு பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் எங்க ஊர். ஞாயிற்றுக்கிழமை 5 மணிக்கு அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பாங்க. அப்பாயி எழுந்து உட்கார்ந்து வெத்தலைப் பெட்டியைத் தேடும். நான் போர்வைக்குள் இருப்பேன். அதே நிமிஷத்தில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நாலு வயசு, ஐந்து வயசு வாண்டுகள் டிவி முன்னாடி சப்பணம் போட்டு உட்கார்ந்து கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக!

எங்க வீட்டு டிவியில் ப்ரீக்யூர் வந்ததே இல்லை. அரசு கொடுத்த கலர் டிவி, கேபிள் கனெக்ஷன், ரிமோட் சித்தப்பா பையன் கையில். இதுதான் எங்க செட்டப். சுட்டி டிவியில் (2007-ல் ஆரம்பித்த சேனல்) டோரா தமிழ் பேசிக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பாள். இன்னொரு பக்கம் டோரேமான், ஷின்-சான். ஷின்-சானை 2008-ல் மத்திய அரசே நிறுத்தி, 2009-ல் வெட்டி ஒட்டித் திரும்ப விட்டது தனி வரலாறு. நொபிதா அழுவான், ஜியான் அடிப்பான், சுனியோ பீற்றிக்கொள்வான். ஷிசுகா? படிப்பாள், குளிப்பாள், 'நொபிதா பாவம்' என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. நான் விளையாட்டில் எப்பவும் ஜியானாகத்தான் இருந்தேன், அது வேற!

சரி, மேட்டருக்கு வருவோம்.

ப்ரீக்யூர் பிறந்த கதையில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்த எட்டரை மணி ஸ்லாட் ஒசாகாவின் அசாஹி பிராட்காஸ்டிங், டோக்கியோவின் டி.வி. அசாஹி இரண்டும் சேர்ந்து ஒளிபரப்பியது. 1999-லிருந்து நாலு வருஷம் 'ஓஜாமாஜோ டோரேமி' என்று குட்டி சூனியக்காரிகள் கதை அங்கே சக்கைப்போடு போட்டது. அடுத்து 2003-ல் 'ஆஷிதா நோ நாஜா'. அம்மாவைத் தேடிப் போகிற பெண், பழைய ஐரோப்பா, ஒரே சோகம். நல்ல கதைதான். ஆனால் பொம்மை விற்கவில்லை! சிரிக்காதீர்கள். இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குச் சோறு போடுவதே பொம்மைக் கம்பெனிதான். பண்டாய் நிறுவனம் கதாநாயகி கையில் இருக்கிற மந்திரக் கருவியை அப்படியே பிளாஸ்டிக்கில் செய்து விற்கும். அது கடையிலேயே தூங்கினால், அடுத்த வருஷம் நிகழ்ச்சியையும் தூங்கவைத்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் பொறுப்புக்கு வந்தவர் டகாஷி வாஷியோ என்கிற தயாரிப்பாளர். பெண் குழந்தைகள் நிகழ்ச்சியில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. அதுவே நல்லதாகப் போயிற்று. 'பொண்ணுங்கன்னா இப்படித்தான்' என்கிற பாடத்தை அவர் படிக்கவே இல்லை. பூங்காவில் விளையாடுகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் பையன் என்ன, பொண்ணு என்ன, எல்லாம் ஒரே ஓட்டம், ஒரே உருளல்தானே? திட்டக் குறிப்பில் அவர் வைத்த வாசகத்தை நம்ம பாஷையில் சொன்னால், 'பொம்பளப் புள்ளைக்கும் அடிச்சு ஆடணும்னுதான் இருக்கும்!'

டைரக்டராக யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? டைசுகே நிஷியோ. 'டிராகன் பால் இசட்' டைரக்ட் செய்த மனிதர்! பொம்மைக் கல்யாணம் பண்ணச் சொல்லி ஸ்டன்ட் மாஸ்டரைக் கூப்பிட்ட மாதிரி. அவரும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். முதல் தொடரில் நாகிசா, ஹொனோகா என்று இரண்டே பெண்கள். மந்திரக்கோலை ஆட்டி ஒதுங்கி நிற்பதெல்லாம் இல்லை. உதை, குத்து, தூக்கிப் போட்டுப் பிடி. கடைசியில்தான் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மின்னல் விடுவார்கள். உருமாறுவதற்கும் கையைப் பிடிக்க வேண்டும். தனியாக ஒருத்தியால் முடியாது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம்.

எட்டாவது படிக்கும்போது நான் எங்க ஸ்கூல் கபடி டீமில் ரெய்டு போகிற ஆள். பொய் இல்லை, நிஜமாகவே நல்லா ஆடுவேன். 2018 தீபாவளி முடிந்த கையோடு வயசுக்கு வந்தேன். சடங்கு, மாமா சீர், போட்டோ எல்லாம் ஆச்சு. அப்புறம் ஒரு நாள் அப்பாயி, 'இனிமே என்னடி ஆட்டம்?' என்றது. அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. என் டீம் பனியன் கொஞ்ச நாள் கொடியில் கிடந்தது. பிறகு மோட்டார் கொட்டகையில் கிரீஸ் துடைக்கிற துணியாகப் போனதைப் பார்த்தேன். அழக்கூட இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வாஷியோவின் அந்த ஒரு வரியை ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தபோது, கிரீஸ் அப்பிய அந்தப் பனியன் கண் முன்னாடி வந்து நின்றது. ஏன் என்று தெரியவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதல் எபிசோடிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

வார விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஆறாவது படிக்கிற என் தங்கச்சியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆங்கில சப்டைட்டிலை அவளால் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது. அதனால் நான்தான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். எல்லா கேரக்டருக்கும் நானே குரல். வில்லன்களுக்கு மட்டும் எங்க பெரியப்பா குரல்!

டப்பிங்கில் நான் திணறியது எட்டாவது எபிசோடில். நாகிசா ஸ்போர்ட்ஸ் பொண்ணு, லக்ராஸ் ஆடுகிறவள். ஹொனோகா சயின்ஸ் கிளப் படிப்பாளி. சேர்ந்து சண்டை போடுகிறார்களே தவிர, ஃப்ரெண்ட்ஸ் கிடையாது. ஒருத்தியை ஒருத்தி குடும்பப் பெயரோடு மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். எட்டாவது எபிசோடில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொள்கிறது. 'நமக்குள்ள என்ன இருக்கு, ப்ரீக்யூர்ங்கறதைத் தவிர?' என்கிற ரேஞ்சுக்குப் போய்விடுகிறது. அப்புறம் இருவரின் நோட்டும் தற்செயலாக மாறிப்போய், ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படிக்க நேர்கிறது. எபிசோடு முடியும்போது முதன்முறையாக வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஜப்பான்காரர்களுக்கு அது பெரிய விஷயம். சப்டைட்டிலில் அது ஒன்றுமே இல்லாத மாதிரி ஓடிவிடுகிறது. நான் என்ன செய்தேன் என்றால், முதல் ஏழு எபிசோடும் 'நீங்க, வாங்க' என்றே பேசவைத்திருந்தேன். எட்டாவதில், 'வாடி ஹொனோகா' என்றேன். தங்கச்சி டக்கென்று திரும்பி, 'அய்ய்... டி போட்டுட்டா!' என்றாள். ஹாஸ்டலில் முதல் மாசம் 'நீங்க எந்த ஊருங்க' என்று ஆரம்பித்து, ஒரு நாள் திடீரென்று 'ஏய், அந்த பக்கெட்டை எடுடி' என்று ஆகுமே, அந்த நாள்தான் அது.

பெரிய ஹிட். அடுத்த வருஷம் அதே ஜோடி 'மேக்ஸ் ஹார்ட்' என்று தொடர்ந்தது. 2006-ல் புது ஜோடியோடு 'ஸ்ப்ளாஷ் ஸ்டார்' வந்தது. பழைய முகம் இல்லை, ஆனால் பழைய சாயல் அப்படியே. பொம்மை விற்பனை கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. விளையாட்டு மையங்களில் காசு போட்டு ஆடுகிற 'லவ் அண்ட் பெர்ரி' என்கிற அலங்கார கேம் பக்கம் சிறுமிகள் எல்லாம் ஓடிவிட்டார்கள். அந்த வருஷத்தோடு ப்ரீக்யூருக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் வாஷியோ டீம் 2007-ல் இரண்டு பேர் என்கிற விதியையே தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து பேரை இறக்கியது. 'யெஸ்! ப்ரீக்யூர் 5'. பிழைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் 'ஸ்ப்ளாஷ் ஸ்டார்' அப்படியொன்றும் மோசமில்லை. அண்ணனைப் போலவே இருக்கிற தம்பிக்கு வீட்டில் மரியாதை கிடைக்காத மாதிரிதான் அதன் நிலைமை.

2009-லிருந்து ஒவ்வொரு பிப்ரவரியும் புதுக் கதை, புது முகங்கள் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த வருஷம் வந்த 'ஃப்ரெஷ்'ஷில் வில்லியே மனம் மாறி ப்ரீக்யூர் ஆனாள். 2010-ல் வந்த 'ஹார்ட்கேட்ச்'சில் கதாநாயகியின் பாட்டி ஒரு காலத்தில் ப்ரீக்யூராக இருந்தவர்! இதைத் தங்கச்சிக்குச் சொன்னபோது, அவள் மெதுவாகத் திரும்பித் திண்ணையில் வெத்தலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயியை ஒரு பார்வை பார்த்தாள். நடுவில் வந்த பல தொடர்களை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் ஜம்ப். 2018-ல் 15-வது ஆண்டுக்காக எடுத்த சினிமாவில் அதுவரை வந்த 55 ப்ரீக்யூர்களையும் ஒரே படத்தில் நிறுத்தி கின்னஸ் சாதனை செய்தார்கள். நம்ம ஊர் கல்யாண ஆல்பத்தில்கூட அவ்வளவு பேர் ஒழுங்காக நின்றதில்லை.

இதில் என்னை அசத்தியது அந்தக் காலண்டர்தான். ஒரு தொடர் பிப்ரவரி முதல் வாரம் ஆரம்பிக்கும். ஜனவரி கடைசி ஞாயிறு முடியும். மறு ஞாயிறு அதே எட்டரைக்கு வேற பெண், வேற கதை. டெல்டாக்காரர்களே, இது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பதும், ஜனவரி 28-ல் மூடுவதும்! ஜனவரி கடைசியில் நமக்கு அறுப்பு, அவர்களுக்குக் கடைசி எபிசோடு. நம்ம சீரியல்கள் மாதிரி ஐந்து வருஷம், ஆறு வருஷம் இழுத்து, மருமகள் மாமியாராகிற வரைக்கும் போவதில்லை. நடவு போட்டாச்சு, கதிர் வந்தாச்சு, அறுத்தாச்சு, அடுத்த விதையைப் போடு. பார்க்கிற குழந்தைக்கு ஏழெட்டு வயசானால் அது வேற பக்கம் போய்விடும், புதுசாக ஒரு மூன்று வயசு வந்து உட்காரும். அதற்குப் பழைய கதை தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நம்ம மேட்டூரும் தேதி தவறியது உண்டு. 2020-ல் ஜூன் 12-ல் திறந்தபோது, எட்டு வருஷத்துக்கு அப்புறம் சரியான தேதியில் திறக்கிறார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டது. 2022-ல் முன்கூட்டியே மே 24-ல் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரைக்கும் காத்திருந்தோம். அப்பா அந்த இரண்டு மாசமும் வானத்தையும் செய்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ப்ரீக்யூரும் தப்பியதுண்டு. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும். 13-ம் தேதி ஞாயிறு எட்டரைக்கு ப்ரீக்யூர் வரவில்லை, எல்லா சேனலிலும் செய்திதான். அதற்கு அடுத்த வாரம் ரிலீசான ப்ரீக்யூர் சினிமாவிலும் தண்ணீர் பொங்கி வருகிற காட்சியை எடுத்துவிட்டார்கள். நாகப்பட்டினம் கரைக்காரர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. டிவி நின்றுபோவது குழந்தைகளுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு கஜாவில் தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை. பேராவூரணி அத்தை வீட்டுத் தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அத்தையின் ஐந்து வயசுப் பையன் தினமும் சாயங்காலம் செத்துப்போன டிவி முன்னாடி போய் உட்கார்ந்துகொண்டு, 'டோரேமானுக்கும் புயல் அடிச்சிடுச்சா?' என்று கேட்பான். மரம் போனதற்கு அழாத அத்தை, அதற்கு அழுதார்.

2020 இன்னும் விநோதம். அந்த வருஷத் தொடரின் பெயரே 'ஹீலிங் குட்'. வைத்தியம்தான் கதை. பூமிக்கு நோய் பரப்புகிற கிருமிக் கும்பலோடு சண்டை. அது பிப்ரவரியில் ஆரம்பித்தது, ஏப்ரலில் நிஜக் கிருமி வந்து ஸ்டுடியோவையே மூடவைத்தது! ஏப்ரல் 26-லிருந்து பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட்டார்கள். நாமும் அப்போது 'மெட்டி ஒலி'யை மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஜூன் 28-ல்தான் அங்கே புது எபிசோடு வந்தது. அந்த வருஷ அறுவடை பிப்ரவரி 21-க்குத் தள்ளிப்போனது.

2022-ல் வந்தவள்தான் நம்ம சோத்துக் குத்துக்காரி. 'டெலிஷியஸ் பார்ட்டி ப்ரீக்யூர்'. ஆரம்பித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. மார்ச் 6-ல் டோய் கம்பெனியின் நெட்வொர்க்கில் யாரோ ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள். 'ஒன் பீஸ்' உட்பட நாலு தொடர்கள் படுத்தன. புது எபிசோடு திரும்ப வர ஏப்ரல் 17 ஆகிவிட்டது. சுனாமி, கிருமி, ஹேக்கர்... எங்க சர்வர் ரூம் சார் பாஸ்வேர்டு பற்றி வகுப்பெடுக்கும்போது இனிமேல் தூங்க மாட்டேன்!

அந்தத் தொடரின் கதை நம்ம ஊருக்கு என்றே எழுதின மாதிரி இருக்கும். ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு குட்டித் தேவதை காவல். வில்லன் கும்பல் அந்தத் தேவதையைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தச் சாப்பாட்டின் ருசியும் அதோடு ஒட்டிய ஞாபகமும் மாறிவிடும். சண்டையில் ஒருத்திக்குச் சோறு, ஒருத்திக்கு ரொட்டி, ஒருத்திக்கு நூடுல்ஸ், கடைசியாக வருகிறவளுக்கு இனிப்பு. இதை நான் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது, காதில் விழுந்த அப்பா ஒரு கேள்வி கேட்டார்: 'அப்ப நம்ம காட்டுயானம் அரிசியை எந்தத் திருடன்டா கொண்டுபோனான்?'

சும்மா கேட்கவில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, காட்டுயானம் என்று அப்பாயி காலத்தில் வயலில் நின்ற நெல்லெல்லாம் எங்க வீட்டில் பேராக மட்டும்தான் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கத்து 'நெல்' ஜெயராமன் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி விதை கொடுத்தார். 2018 டிசம்பரில் இறந்துபோனார். அப்பாவும் ஒரு தடவை இரண்டு கிலோ விதை வாங்கி வந்து ஒரு மூலையில் போட்டார். கொஞ்சம் வந்தது. அப்பாயி சாப்பிட்டுவிட்டு, 'ஆமா, இதான்' என்று ஒரே வார்த்தை சொன்னது.

ஜப்பான் மொழியில் சமைத்த சோற்றுக்கு 'கோஹான்' என்று பெயர். சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான்! 'சோறு தின்னியா?' என்று கேட்டால் இட்லி தின்றவனும் 'ஆச்சு' என்கிற ஊர் நம்மளுது. இது புரியாமல் இருக்குமா?

ஆனால் எல்லா ஊர்க்காரனுக்கும் இது புரியும் என்று அமெரிக்காக்காரர்கள் நம்பவில்லை. 2012-ல் ஜப்பானில் வந்த 'ஸ்மைல் ப்ரீக்யூர்' 2015 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'கிளிட்டர் ஃபோர்ஸ்' என்று வந்தது. மியுகி அங்கே எமிலி. அகானே, கெல்சி. 48 எபிசோடை 40 ஆக்கினார்கள். அடுத்த தொடருக்கு 49-ஐ 30 ஆக வெட்டினார்கள். டோரேமானுக்கும் அங்கே இதே கதிதான். நொபிதா 'நோபி' ஆனான், ஷிசுகா 'சூ' ஆனாள். நம்ம ஊரில் பாருங்கள், நொபிதா நொபிதாவேதான், ஷிசுகா ஷிசுகாவேதான். பேராவூரணியில் ஐந்து வயசுப் பையன் சுனியோ என்று தடுக்காமல் சொல்கிறான், நியூயார்க் பையன் சொல்லமாட்டானா? இந்த ஒரு விஷயத்தில் நம்ம டப்பிங்காரர்களுக்கு ஒரு ஓ போடலாம்.

இப்போது க்ரஞ்சிரோல் மாதிரி தளங்களே தமிழ் டப்பிங் போடுகின்றன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்தது, எங்க ஹாஸ்டலில் பாதிப்பேர் போனார்கள். வாள் சண்டைக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. ப்ரீக்யூருக்கு இன்னும் நான்தான்.

பசங்க 'இது பொண்ணுங்க மேட்டர்' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். 2023-ல் வந்த 'ஹிரோகாரு ஸ்கை'யில் முதல் தடவையாக ஒரு பையன் முழுநேர ப்ரீக்யூர் ஆனான், 18 வயசு அக்கா ஒருத்தியும் சேர்ந்தாள், ஹீரோயின் டிரஸ் பிங்க் இல்லை, நீலம். அதே வருஷம் அக்டோபரில் அந்த 2007 செட் வளர்ந்து பெரியவர்களாகி, வேலைக்குப் போய் அல்லாடுகிற கதையை என்.ஹெச்.கே. ஒளிபரப்பியது. அன்றைக்கு ஐந்து வயசில் பார்த்தவர்களுக்கு இன்றைக்கு இருபதைத் தாண்டிவிட்டதே! அதில் நொசோமி டீச்சராகிவிட்டாள். கேம்பஸ் இன்டர்வியூ பற்றியும் ஒரு ப்ரீக்யூர் எடுத்தால் நாங்கள் பார்ப்போம். பூதத்தைவிட ஹெச்.ஆர். பயங்கரம்.

2025 அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஊரில் இருந்தேன். பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி டீம் தங்கம் ஜெயித்து, அதில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை எல்லா சேனலிலும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'நீயும் நல்லாத்தான் ஆடுவ' என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மடை பார்க்கப் போய்விட்டார். ஏழு வருஷத்துக்கு அப்புறம் வந்த அந்த ஒரு வாக்கியத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நான் சேனல் மாற்றினேன்.

போன ஞாயிறு தங்கச்சிக்கு அடுத்த எபிசோடு டப்பிங் பேச உட்கார்ந்தேன். அவள், 'அதை அப்புறம் பாப்போம்க்கா. எங்க பி.டி. மிஸ் கபடிக்குப் பேர் கேக்குறாங்க. ரெய்டு எப்படிப் போறதுன்னு சொல்லிக்கொடு' என்றாள். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லவில்லை.

களத்தில் குச்சியால் கோடு கிழித்தேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, 'கபடிகபடிகபடி' என்று ஆரம்பித்தேன். பழைய நாளில் முழு ரெய்டுக்கும் மூச்சு நிற்கும். இப்போது ஹாஸ்டல் உடம்பு, பதினெட்டு செகண்டில் இழுத்துக்கொண்டது. நைசாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு தங்கச்சியைத் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி ஓடிவந்தேன்.

திண்ணையிலிருந்து குரல் வந்தது. 'ஏய், பாதியிலயே பாட்டு நின்னு போச்சு. மூச்சு விட்டுட்டா. அவ அவுட்டு!'

அப்பாயி!